கட்டைவிரல் கேட்காத மெஷின்

டிவியில் ஆட்டத்தின் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கிறது. பாதியைத் தாண்டிய கோடு ரொம்ப நேரமாக அதே இடத்தில் நிற்கிறது, நான் பார்ப்பது தெரிந்து வேண்டுமென்றே நிற்பதுபோல. பாலும் இப்படித்தான், எதிரே நின்றால் பொங்காது, வாசல் வரை போய்விட்டு வந்தால் அடுப்பெல்லாம் பால். சரி, பார்க்கவில்லை போ என்று மின்விசிறியைப் பார்க்கிறேன். மின்விசிறியில் ஒட்டடை. அண்ணன் வந்து சோபாவில் சாய்ந்தால் முதலில் கண்ணில் படப்போவது அந்த ஒட்டடைதான், காலையிலேயே துடைத்திருக்கலாம், இப்போது துடைத்தால் தூசியெல்லாம் டிவி மேல் விழும், விழட்டும், வேண்டாம், அப்படியே இருக்கட்டும். வெயில் தாழ்ந்ததும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மைனி சொன்னாள். தூத்துக்குடியில் வெயில் எப்போது தாழும் என்று யாரால் சொல்ல முடியும். மீன்பிடி லாஞ்சில் வலை இழுக்கும்போது விஞ்சு எந்திரத்தின் கயிறு அண்ணனுடைய இடதுகைக் கட்டைவிரலைக் கொண்டுபோனதிலிருந்து அவன் வீட்டுப் படி இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டுப் பிரித்த பிறகும் இறங்கவில்லை, பனிமய மாதா தேருக்குக்கூட இறங்கவில்லை. உள்ளறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். நேற்று மைனி போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “ஒன் வீட்டுக்கு வாரேன்னு ஒங்க அண்ணன் வாயால சொன்னதே பெருசு டெல்பி. அங்க வச்சு எதாவது மனசு கோணிச்சுன்னா மறுபடி அந்த ரூமுக்குள்ள போயிப் படுத்துக்கிடுவாரு. அதுக்கப்புறம் என்னால எழுப்ப முடியாது.” மைனி அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். மீன் விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இந்த ஒரு ஆட்டத்தைச் சொல்லித்தான் அவனை வரச் சம்மதிக்க வைத்தேன். அண்ணே, நம்ம பழைய சண்டை ஆட்டத்தைப் புதுசாக்கி கன்சோலுக்கு விட்டிருக்கிறார்கள், நல்லா இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீ வந்து பார்த்துச் சொல்லு என்றேன். எனக்கா சொல்லத் தெரியாது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நேசமணி அண்ணாச்சி வைத்திருந்த வீடியோ கேம் பார்லரில் அண்ணனுக்கு அடுத்த கை நான்தான். அம்மா என்னை அனுப்பியது அவனைச் சாப்பிடக் கூப்பிட்டு வரத்தான். போனவனையும் காணோம், கூப்பிடப் போனவளையும் காணோம் என்று அம்மா தெருமுனை வரைக்கும் வந்து கத்துவாள். உள்ளே ஒரே இருட்டு, பீடி நாற்றம், பையன்களின் வேர்வை நாற்றம், அதற்கு நடுவே அந்த ஒரு மெஷினின் வெளிச்சம். ஆட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருக்கும், யாரும் வாசித்ததில்லை. எங்களுக்கு மொட்டை, ஜடைக்காரி, தாடி, இவ்வளவுதான். கையிலிருந்து பறக்கிற நெருப்புக்குப் பெயர் குண்டு. அண்ணன் எப்போதும் மொட்டை, நான் ஜடைக்காரி. மெஷினுக்கு மேலே அண்ணாச்சி சாக்பீஸில் எழுதிவைத்திருப்பார், தோற்றவர் எழும்பவும் என்று, மாதா கோயிலில் பூசைக்கு நடுவே எழும்பச் சொல்கிற மாதிரி. தோற்றவன் ஸ்டூலை விட்டு எழும்பியே ஆகவேண்டும், அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். எழும்பினவனுக்கு மறுபடி ஆட வேண்டுமென்றால் ஒரு காசை எடுத்து மெஷின் கண்ணாடி விளிம்பில் வைக்கவேண்டும். வைத்த காசு இருக்கும் வரைக்கும் அடுத்த ஆட்டம் அவனுடையது, தண்ணீர் குடிக்கப் போனாலும் அவனுடையதுதான், அந்தக் காசை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் உண்டு, அது எழுதிவைக்காத சட்டம். கூட்டாளியை ஸ்டூலில் உட்காரவைப்பதற்காக ஒருவன் வேண்டுமென்றே தோற்கிற மாதிரிச் சாய்த்து ஆடினால் அண்ணாச்சி கண்டுபிடித்துவிடுவார், ரெண்டு பேரையும் எழுப்பிவிடுவார். நான் முதல் நாள் கதவோரம் நின்றபோது பொம்பளப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று ஒருத்தன் கேட்டான். அண்ணன் ஸ்டிக்கை விடாமல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து விளிம்பில் வைத்தான், இது என் தங்கச்சிக்கு என்றான். பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் ஊரே அடித்துக்கொள்கிறது. ஊர் என்றால் போனில் இருக்கிற ஊர், பழைய பார்லர்க்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கிற வாட்ஸப் குழு. காலையிலிருந்து அதை வாசித்து வாசித்து எனக்குத் தலைவலி. படம் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று ஒருவன், பளிங்கு மாதிரி இருந்தால் அது கல்லறை, நம் ஆட்டம் எங்கே என்று இன்னொருவன். மொட்டையின் உதையைக் குறைத்துவிட்டார்கள், தாடிக்கு ஏற்றிவிட்டார்கள், ஜடைக்காரியின் குரலை மாற்றிவிட்டார்கள். குரலை மாற்றியது எனக்கே பொறுக்கவில்லை, அது வேறு விஷயம். பழைய பெட்டி டிவியில் தெரிகிற மாதிரிக் கோடுகோடாக வேண்டுமா, அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறதாம். புது வீடு கட்டி, பழைய வீட்டில் ஒழுகின இடத்திலேயே ஓட்டையும் போட்டுத் தருகிறார்கள். என்ன கொடுத்தால்தான் இவர்களுக்குத் திருப்தி வரும். எனக்கு என்ன கொடுத்தால் வரும். ஆட்டம் அப்படியே இருந்தால் எதற்குப் புதுசு என்கிறார்கள், மாற்றினால் ஏன் மாற்றினாய் என்கிறார்கள், கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் குறை சொல்லவே வருகிறவர்கள்போல. ஆனால் அண்ணன் இதெல்லாம் கேட்கவில்லை. போனில் நான் சொல்லி முடித்ததும் ஒன்றுதான் கேட்டான், ரெண்டு குண்டும் நடுவில் மோதினால் திணறுதா என்று. பழைய மெஷினில் குண்டும் குண்டும் மோதினால் அது மூச்சுமுட்டின மாதிரி ஒரு நொடி மெதுவாகும், எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல ஆகும், அந்த ஒரு நொடிக்குள் அண்ணன் குதித்து எதிராளியின் முதுகுக்குப் பின்னால் இறங்கிவிடுவான். ஊரில் வேறு யாருக்கும் வராத வித்தை அது. மெஷினின் நோவு அவனுக்குத் தெரியும் என்பார் அண்ணாச்சி. நான் பார்த்து வைக்கிறேன் அண்ணே என்றேன். பார்த்தேன். குழுவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், இந்த அப்டேட்டில் திணறலைச் சரிசெய்துவிட்டார்களாம். சரிசெய்துவிட்டார்களாம். அவன் கேட்ட ஒரே ஒன்றை எடுத்துவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் தங்கத்தட்டில் வைத்து நீட்டுகிறார்கள்.

அதை அவனிடம் எப்படிச் சொல்வது. சொல்லாமல் விட்டால் ஆடும்போது தெரிந்துவிடும், முன்னாலேயே சொன்னால் அப்போ எதற்கு வர என்பான். நான் இந்த ஆட்டத்தை வாங்கியதே வேறொன்றை நம்பித்தான். இதில் சுலப முறை என்று ஒன்று இருக்கிறது, ஒரே பட்டனை அமுக்கினால் குண்டு வந்துவிடும். கீழே, சரிவு, முன்னே, குத்து என்று ஸ்டிக்கைச் சுழற்றவே வேண்டாம். பிள்ளைகளுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் என்று போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் எனக்கு அண்ணனின் இடதுகைதான் ஞாபகம் வந்தது, சந்தோஷத்தில் அன்றைக்கே வாங்கிவிட்டேன். குழுவில் அந்த முறையைத்தான் ரொம்பக் கேவலமாகத் திட்டுகிறார்கள், அதில் ஆடுகிறவன் ஆம்பளையே இல்லை என்கிறான் ஒருத்தன், நான் அந்தக் குழுவில் இருப்பதை மறந்து. திட்டட்டும். ஆனால் அண்ணன் என்ன நினைப்பான். பார்லரிலேயே சுத்தமாகக் குண்டு விடத் தெரிந்தவன், பாதித் தூக்கத்திலும் விடுவான். அவன் முன்னால் இதைப் போட்டால், ஒனக்கு இதுதான் முடியும் என்று நான் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா. எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டால் என்ன, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. அவனுக்காகத்தான் இவளும் போட்டிருக்கிறாள் என்று அப்போதும் தெரியும், அவன் முட்டாளா. அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ஒருத்தர் குருதட்சணைக் கதையை எடுத்தார், வில் வித்தை, கட்டைவிரல், தியாகம் என்று. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பியது அன்றைக்குத்தான். என் அண்ணனிடம் எந்தக் குருவும் கேட்கவில்லை, கயிறு கேட்டது. அந்த ஆளை அன்றைக்கே வெளியே அனுப்பியிருக்கவேண்டும், காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இப்போது நானும் அதே ஆள் மாதிரி எதையாவது செய்து தொலைத்துவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.

முடிந்துவிட்டது. எப்போது முடிந்ததென்றே தெரியவில்லை, திரையில் மொட்டை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், இளைத்துவிட்டான், சதையெல்லாம் பளபளக்கிறது. கன்ட்ரோலரை எடுக்கிறேன். இது வீட்டுக்காரர் கால்பந்து ஆடுகிற சாமான், தூசி தட்டியிருக்கிறேனே தவிர நான் ஒருநாளும் கையில் பிடித்து ஆடினதில்லை. ரெண்டு கையும் தானாகப் போய்ப் பிடித்துக்கொள்கிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். விரல்களெல்லாம் அடியில் போய் ஒளிந்துகொண்டன, மேலே வந்து உட்கார்ந்தவை ரெண்டே ரெண்டு. வலது கட்டைவிரல் பட்டன்களின் மேல். இடது கட்டைவிரல் அந்தச் சின்னக் குமிழின் மேல். நடக்க, குனிய, குதிக்க, திரும்ப, எல்லாவற்றுக்கும் இடது கட்டைவிரல். எனக்குக் காதுக்குள் குப்பென்று சூடாகிறது. எல்லாம் யோசித்தேனே. சுலப முறையை யோசித்தேன், திணறலை யோசித்தேன், ஒட்டடையைக்கூட யோசித்தேன். மனசுக்குள் அண்ணன் எப்போதும் அந்த மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான், ஸ்டிக்கின் தலையில் இருந்த சிவப்பு உருண்டையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு. மற்ற பையன்களெல்லாம் பேனா பிடிக்கிற மாதிரிப் பிடிப்பார்கள், அவன் மட்டும் மாங்காயைப் பொத்துகிற மாதிரி. அந்த மெஷினுக்குக் கட்டைவிரல் தேவைப்படவில்லை. இருக்கிறதா என்றுகூட அது கேட்டதில்லை. இது முழுக்கக் கட்டைவிரலுக்காகவே செய்த சாமான். அவனை விட்டுப் போன அந்த ஒன்றையே பெட்டியில் போட்டு, விளக்கெல்லாம் எரியவிட்டு, வா அண்ணே, வந்து பாரு என்று கூப்பிட்டிருக்கிறேன்.

மைனிக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கரண்ட் இல்லை என்று சொல்லலாம், அப்டேட் ஆகவில்லை என்று சொல்லலாம். வேண்டாம் என்றால் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்தச் சட்டையைப் போட்டிருப்பான். மகளின் முடி கட்டுகிற ரப்பர் பேண்டு டீப்பாயில் கிடக்கிறது. எடுத்து என் இடது கட்டைவிரலை உள்ளங்கையோடு மடக்கி இறுக்கிக் கட்டுகிறேன். இப்போது ஆடிப் பார்க்கலாம். சுட்டுவிரலால் குமிழைத் தள்ளினால் கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவுகிறது. மடியில் வைத்தால் மடி வழுக்குகிறது. ஜடைக்காரி முன்னே போகச் சொன்னால் குதிக்கிறாள், குனியச் சொன்னால் பின்னே போகிறாள், கம்ப்யூட்டரின் தாடி அவளை மூலையில் வைத்துச் சாத்துகிறான். மறுபடி. மறுபடியும் சாத்துகிறான். சுலப முறையைப் போடுகிறேன், குண்டு வருகிறது, ஆனால் நகர முடியாமல் நின்ற இடத்திலிருந்து குண்டு விட்டு என்ன பிரயோஜனம். எடுத்துவிடுகிறேன். போடுகிறேன். விரல் மரத்துப்போய்விட்டது. ஒரு மத்தியானம் கட்டினதற்கே எனக்கு அழுகை வருகிறது, அவன் எப்படித் தாலிக்கயிறு கட்டின கையை வைத்துக்கொண்டு சட்டைப் பித்தான்கூடப் போட முடியாமல், ஐயோ, சட்டைப் பித்தானை யார் போட்டு விட்டிருப்பார்கள், மைனி போட்டு விட்டிருப்பாள், அதைப் பொறுத்துக்கொண்டு வருகிறான். மறுபடி ஒரு ஆட்டம். வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம். சுலப முறையைக் கடைசியாகப் போட்டேனா எடுத்தேனா என்று ஞாபகமில்லை.

மைனிதான் முதலில் உள்ளே வந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். அண்ணன் செருப்பைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டான். முழுக்கைச் சட்டை, இந்த வெயிலில். இடதுகை பேண்ட் பைக்குள். வா அண்ணே என்றேன், என்னமாவது குடிக்கியா என்றேன், மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர நேரமாகும் என்றேன், யாரும் கேட்காததையெல்லாம் சொன்னேன். அவன் திரையைப் பார்த்தான். மொட்டையை ரொம்ப நேரம் பார்த்தான். இளைச்சிட்டான் என்றான். அப்புறம் என் கையைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, ரப்பர் பேண்டை அவிழ்க்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோனேன், அது இன்னும் மோசமாக இருந்தது. அவன் சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான், டீப்பாயை இழுத்தான், கன்ட்ரோலரை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினான். டீப்பாய் மேல் அதைத் தட்டையாக வைத்தான், தோளில் கிடந்த துண்டை மடித்து அடியில் கொடுத்தான், ஆடாமல் இருக்க. பிறகு பையிலிருந்து இடதுகையை எடுத்து அந்தச் சின்னக் குமிழை உள்ளங்கையில் பொத்தினான், மாங்காயைப் பொத்துகிற மாதிரி. பொத்திக்கொண்டே சொன்னான்.

“அத அவுத்துப் போடு ஏட்டி. அண்ணாச்சி இருந்தா ரெண்டு பேரையும் எழுப்பி விட்டிருப்பாரு.”

அவிழ்த்துவிட்டு இன்னொரு கன்ட்ரோலரை எடுத்தேன். விரலில் ரத்தம் ஏறுகிறது, எறும்பு கடிக்கிறது, பிடித்தால் பிடித்த மாதிரியே இல்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது, சுலப முறை இல்லாமல். மொட்டை குதிக்கிறான், அண்ணன் அவனைக் குதிக்கச் சொல்லவில்லை என்று தோளைப் பார்த்தாலே தெரிகிறது. குனிகிறான். பின்னே போகிறான். நான் ஜடைக்காரியைச் சும்மா அங்கேயும் இங்கேயும் நடக்கவிடுகிறேன், இதுவும் சாய்ப்பதுதானே, தெரியும், ஆனால் கை அடிக்க மாட்டேன் என்கிறது. ஒரே பட்டனில் குண்டு வருகிற மாதிரி ஒன்று இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இருக்கட்டும். இது வராட்டி அதப் போடுவோம்” என்றான், சோற்றுக்கு மோரா ரசமா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்கிற மாதிரி. இதற்காகவா நான் காலையிலிருந்து செத்தேன். பேருக்குத் தட்டுகிறேன், அதற்கே மொட்டையின் உயிர்க்கோடு குறைந்துகொண்டு வருகிறது. கீழே, சரிவு, முன்னே. வரவில்லை. கீழே, சரிவு, முன்னே. மொட்டை குதித்தான். அடுப்படியில் மைனி எந்தப் பாத்திரத்தையும் தொடாமல் நிற்பது தெரிகிறது, சத்தமே இல்லை. கீழே, சரிவு, குண்டு வந்தது. மஞ்சளாக, பெரிதாக, நான் பார்த்ததைவிட அழகாக வருகிறது, என் கை யோசிக்காமல் பதில் குண்டு விட்டது, ரெண்டும் நடுவில் மோதின. அந்த நொடிக்காக ரெண்டு பேருமே காத்திருந்தோம், அண்ணன் உடம்பு கொஞ்சம் முன்னே சாய்ந்தது. திணறவில்லை. பளிச்சென்று வெடித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆட்டம் ஓடியது, அவன் குதித்தது பிந்திவிட்டது, மொட்டை என் காலுக்கு நேரே வந்து இறங்குகிறான். அவனுக்குக் கடைசித் துளி உயிர்தான் மிச்சம். ஒரு உதை. உதைத்தால் தோற்பான். விட்டால் தெரிந்துவிடும். என் கட்டைவிரல் பட்டன் மேல் இருக்கிறது, மாதாவே, அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பது திரையை இல்லை, என் விரலை.

உதைத்தேன். மொட்டை பின்னால் போய் விழுந்தான், ஜடைக்காரி புதுக் குரலில் சிரித்தாள், அவளை அப்படியே அறையலாம் போலிருந்தது. அண்ணன் கையைக் குமிழிலிருந்து எடுத்தான், நீவிவிட்டுக்கொண்டான். சத்தமெல்லாம் சரியா இருக்கு, திணறத்தான் மாட்டேங்குது என்றான். நல்லா இல்லையா அண்ணே என்று கேட்டேன். நல்லா இல்லேன்னு யாரு சொன்னா, பழக்கமில்ல என்றான். சொல்லிவிட்டு டீப்பாயில் கையை ஊன்றி எழும்பினான். போகிறான். வந்தான், பார்த்தான், தோற்றான், போகிறான், மைனி அடுப்படி வாசலுக்கு வந்து என்னைப் பார்க்கிற பார்வையை நான் இனி எத்தனை நாள் பார்க்கவேண்டும். ஒரு ஆட்டம் விட்டுக்கொடுத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும். அவன் வாசலுக்குப் போகவில்லை. டிவி பக்கத்தில் போய் நின்றான். இடதுகையால்தான் சட்டைப் பையைத் துழாவினான், ரெண்டு விரல் இடுக்கில் ஒரு ரூபாய்க் காசைப் பிடித்து எடுக்க நேரமானது, நாங்கள் ரெண்டு பேரும் உதவிக்குப் போகாமல் நின்றோம். காசை டிவி ஸ்டாண்டின் விளிம்பில் வைத்தான். வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், முன்னால் வேறு யாரோ ஆட இருப்பதுபோல.

“அடுத்தது நான்” என்றான்.